வார இறுதியில் தறி... நெசவு பழகப் போறீங்களா? இதையும் தெரிஞ்சுக்கிட்டுப் போங்க!

சனிக்கிழமை காலை பத்து மணி. சென்னையில் ஒரு பழைய வீட்டின் மாடி ஹால். ஏழு பேர் ஏழு மேசைத்தறிகளுக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறோம். இரண்டு பேர் ஐ.டி., ஒருவர் பல் டாக்டர், ஒருவர் வங்கியில் இருந்து ரிட்டையர் ஆனவர், காலேஜ் படிக்கிற இரண்டு பெண்கள், ஏழாவது ஆள் நான். இரண்டு நாள் வகுப்பு, கட்டணம் 3,500 ரூபாய். ஞாயிறு சாயங்காலம் வீட்டுக்குப் போகும்போது ஆளுக்கு ஒரு மஃப்ளர், நாமே நெய்தது.

சொல்லிக்கொடுக்க வந்தவர் காஞ்சிபுரம் பக்கத்துக்காரர். அறுபதை நெருங்குகிற வயது. முப்பது வருஷத்துக்கு மேல் பட்டு நெய்தவர். இப்போது வீட்டில் தறி இல்லை. மகன் ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் ஷிஃப்ட் வேலைக்குப் போகிறார். டீ இடைவேளையில் காலேஜ் பெண் ஒருத்தி, "உங்க பையனுக்கு நெசவு தெரியுமாண்ணா?" என்று கேட்டாள். அவர் சிரித்துக்கொண்டே, "தெரியக் கூடாதுன்னுதான்மா படிக்க வெச்சேன்" என்றார். அதற்குப் பிறகு கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.

கொரோனா காலத்துக்குப் பிறகு வீட்டுக்குள்ளேயே கையால் ஏதாவது செய்யணும் என்ற ஆசை நம்ம ஊரில் நன்றாகவே பிடித்துக்கொண்டது. முதலில் குரோஷா வந்தது, அப்புறம் களிமண், இப்போது தறி. இன்ஸ்டாவில் இரண்டு கை, ஒரு சட்டம், கலர் கலராக நூல், பின்னணியில் மெல்லிய இசை என்று ரீல்ஸ் ஓடுகிறது. பார்த்தாலே மனசு அமைதியாகிறது, உண்மைதான். நெய்து பார்த்தால் இன்னும் அமைதியாகிறது, அதுவும் உண்மை. ஆனால், தறியை விட்டுப் போகிறவர்களும் தறியைத் தேடி வருகிறவர்களும் ஒரே வாசலில் எதிரெதிரே கடந்துபோகிற நேரத்தில் நாம் இதைக் கற்கப் போகிறோம். அதனால் இதை வெறும் பொழுதுபோக்கு விஷயமாக மட்டும் எழுத எனக்கு மனசு வரவில்லை.

கணக்கு என்ன சொல்கிறது?

மத்திய அரசு அவ்வப்போது கைத்தறிக் கணக்கெடுப்பு நடத்துகிறது. 1995-96-ல் எடுத்தபோது நெசவாளர்களும் துணை வேலை செய்பவர்களும் சேர்ந்து சுமார் 65 லட்சம் பேர். 2009-10-ல் அது 43 லட்சம். கடைசியாக 2019-20-ல் எடுத்த நான்காவது கணக்கெடுப்பில் 35 லட்சம் சொச்சம். கால் நூற்றாண்டுக்குள் கிட்டத்தட்ட பாதி ஆட்கள் தறியை விட்டு எழுந்து போய்விட்டார்கள்.

ஏன் என்ற கேள்விக்கும் அதே கணக்கெடுப்பில் பதில் இருக்கிறது. நெசவாளர் குடும்பங்களில் மூன்றில் இரண்டு பங்கு, மாதம் 5,000 ரூபாய்க்கும் கீழேதான் சம்பாதிக்கிறது. இதில் வடகிழக்கு மாநிலங்களில் வீட்டு உபயோகத்துக்காகப் பகுதி நேரம் நெய்கிற குடும்பங்களும் சேர்த்தி, அதையும் மனதில் வைத்துக்கொண்டுதான் இந்த எண்ணைப் படிக்கணும். ஆனாலும் நான் கட்டிய இரண்டு நாள் கட்டணத்தையும் இந்த மாத வருமானத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எனக்குக் கொஞ்சம் கூச்சமாகவே இருந்தது.

அரசு ஒன்றுமே செய்யவில்லை என்று சொல்ல முடியாது. ஆகஸ்ட் 7-ஐ தேசிய கைத்தறி தினமாக 2015-ல் அறிவித்தார்கள். முதல் விழா நடந்தது நம்ம சென்னையில்தான். 1905-ல் இதே தேதியில் கல்கத்தாவில் சுதேசி இயக்கம் தொடங்கியதன் நினைவாக அந்த நாள். தமிழ்நாட்டில் பொங்கலுக்கு இலவச வேட்டி சேலை கொடுப்பதால் கொஞ்சம் தறிகளுக்கு வேலை கிடைக்கிறது. கைத்தறி நெசவாளர்களுக்கு இரண்டு மாதத்துக்கு 300 யூனிட் வரை மின்சாரம் இலவசம். முன்பு 200 ஆக இருந்தது, 2023-ல் கூட்டினார்கள். இன்னொரு பக்கம், நெசவாளர்களின் குரல் நேரடியாகப் போய்ச் சேர ஒரு இடமாக இருந்த அகில இந்தியக் கைத்தறி வாரியத்தை 2020 ஜூலையில் கலைத்துவிட்டார்கள், அதுவும் ஊரடங்கு நடுவில், சத்தமே இல்லாமல். நூல் ஆலைகள் உள்நாட்டுச் சந்தைக்கு விற்கும் நூலில் இத்தனை பங்கைக் கைத்தறிக்காகச் சிட்டமாகத்தான் தரணும் என்று ஒரு கட்டாயம் உண்டு. அது 40 சதவிகிதமாக இருந்தது, 2019-ல் 30 ஆக்கினார்கள். சிட்டம் என்பது தெரியாதவர்களுக்கு: நூலைக் கோனில் சுற்றாமல் வளையமாகச் சுற்றி, முறுக்கிக் கட்டி வைப்பது. தறிக்காரர் சாயம் தோய்க்க அதுதான் வசதி. கோன் நூல் விசைத்தறிக்குப் போகும்.

சரி, அரசியலைக் கொஞ்சம் ஓரமாக வைப்போம். தறிக்கு வாங்க.

முதல் நாள் நாம் நெய்யவே மாட்டோம்

நெசவு என்றதும் நம் மனசில் வருவது நாடா குறுக்கும் நெடுக்கும் ஓடுவதுதான். வகுப்புக்குப் போனால் மத்தியானம் வரை நாடாவைத் தொடவே விட மாட்டார்கள். பாவுதான் முதல் பாடம். துணியின் நீளவாக்கில் ஓடுகிற நூல் பாவு, குறுக்கே போவது ஊடை. பாவை அளந்து, சிக்கு விழாமல் சுற்றி, ஒவ்வொரு இழையாக விழுதில் கோத்து, அச்சில் கோத்து, இரண்டு முனையிலும் ஒரே இறுக்கத்தில் கட்டணும். எட்டு அங்குல அகல மஃப்ளருக்கு, அங்குலத்துக்கு 10 இழை என்று மிக எளிதான கணக்கில் எங்களுக்குக் கொடுத்தார். மொத்தம் 80 இழைதான். எனக்கு மூன்றரை மணி நேரம் ஆனது. நடுவில் ஒரு இழையைக் கண் மாற்றிக் கோத்ததைச் சாயங்காலம்தான் கண்டுபிடித்தேன். அதற்கப்புறம் அவிழ்த்தது தனிக்கதை.

இப்போது ஒரு கணக்குப் போடலாம். சாதாரணப் பருத்திச் சேலை 48 அங்குல அகலம். அங்குலத்துக்கு 60 இழை வைத்தாலே 2,880 இழைகள். நீளம் ஐந்தரை மீட்டர், அதாவது 216 அங்குலத்துக்கு மேல். ஊடையும் அங்குலத்துக்கு 60 என்றால் நாடாவைச் சுமார் 13,000 தடவை விடணும். நம்ம மஃப்ளருக்கு 600 தடவை. அதற்கே எனக்குத் தோள்பட்டை பிடித்துக்கொண்டது. இதில் பட்டு, ஜரிகை, பூ வேலை எதுவும் சேர்க்கவில்லை, சும்மா ப்ளெயின் துணி.

காஞ்சிபுரம் கோர்வைச் சேலை என்றால் கதையே வேறு. உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். அதற்கு மூன்று நாடா. வலது, இடது கரைகளுக்கு ஆளுக்கொன்று, நடுவுக்கு ஒன்று. ஒருவர் உட்கார்ந்து நெய்ய, பக்கத்தில் இன்னொருவர் நாடா தள்ளிக்கொடுக்கணும். அந்த இன்னொருவர் ஒரு காலத்தில் பெரும்பாலும் சின்னப் பையனாகவோ சிறுமியாகவோ இருந்தார்கள். பள்ளிக்கூடம் போக வேண்டிய வயது. எங்கள் ஆசிரியரும் அப்படித்தான் ஒன்பது வயதில் தறிக்கு வந்தாராம். "பையனுக்குத் தெரியக் கூடாதுன்னு" அவர் சொன்னதன் பின்னால் இதுவும் இருக்கிறது. 2008-ல் பிரியதர்ஷன் எடுத்த 'காஞ்சிவரம்' படம் பார்த்திருந்தால், பிரகாஷ்ராஜ் நடித்த அந்த நெசவாளி உங்களுக்கு ஞாபகம் வரலாம். ஊருக்கெல்லாம் பட்டு நெய்கிறவர், தன் மகளுக்கு ஒரு பட்டு நெய்துவிட ஆசைப்படுகிறார். அந்த ஆசை அவரை எங்கே கொண்டுபோய் நிறுத்துகிறது என்பதுதான் கதை.

ஒரு விஷயம் கவனித்தேன். தறிக்கு முன்னால் உட்கார்ந்திருப்பவரைத்தான் நாம் நெசவாளர் என்கிறோம், போட்டோவும் அவருக்குத்தான். பாவு போடுகிறவர், கஞ்சி போடுகிறவர், சிட்டத்தைப் பிரித்துத் தார் சுற்றுகிறவர், அச்சு பிணைக்கிறவர் எல்லாம் போட்டோவுக்கு வெளியே இருக்கிறார்கள். அதில் தார் சுற்றுவது பெரும்பாலும் வீட்டுப் பெண்களும் வயசான அம்மாக்களும். சமையலுக்கும் துணி துவைப்பதற்கும் நடுவில் ராட்டையைச் சுற்றிக்கொண்டே இருப்பார்கள். தனியாகக் கூலி கிடையாது, தறிக்கூலியிலேயே அடக்கம். நாடு முழுக்க எடுத்தால் நெசவு வேலையில் இருப்பவர்களில் பத்துக்கு ஏழு பேர் பெண்கள். வகுப்பில் நாமே தார் சுற்றிப் பார்த்தால்தான், ஒரு சேலைக்குப் பின்னால் எத்தனை கை இருக்கிறது என்பது புரிகிறது.

காந்தியும் ஹாபியாகத்தான் ஆரம்பித்தார்

நாம்தான் முதல் முறையாகப் பேன்ட் சட்டையோடு தறிக்குப் போகிறோம் என்று நினைக்க வேண்டாம். அகமதாபாத்தில் ஆசிரமம் ஆரம்பித்த புதிதில் காந்தியும் கூட இருந்தவர்களும் தறி வைத்தார்கள். எல்லோரும் வக்கீல், வியாபாரம் என்று இருந்தவர்கள், கைத்தொழில் தெரிந்த ஆள் ஒருவர்கூட இல்லை. நெசவு சொல்லிக்கொடுக்க பாலன்பூரில் இருந்து ஒரு நெசவாளரைத் தேடிப் பிடித்தார்கள். ஆனால், அவர் முழு வித்தையையும் சொல்லிக்கொடுக்கவில்லை என்று காந்தியே சுயசரிதையில் எழுதியிருக்கிறார். அப்புறம் மகன்லால் காந்தி விடாப்பிடியாக மீதியைக் கற்று மற்றவர்களுக்கும் சொல்லிக்கொடுத்தார்.

அந்தப் பாலன்பூர்க்காரர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. ஒரு குடும்பத்தின் சோறு அந்த வித்தையில் இருக்கும்போது, படித்த நாலு பேர் ஆர்வமாக வந்து கேட்டார்கள் என்பதற்காக எல்லாவற்றையும் கொட்டிவிட முடியுமா? இன்றைக்கும் வகுப்பில் ஏதாவது ஒரு நுணுக்கத்தை ஆசிரியர் சொல்லாமல் விட்டால் அதை நான் குறையாக எடுத்துக்கொள்ள மாட்டேன்.

ஆசிரமத்துக்காரர்கள் நெய்யத் தொடங்கிய பிறகுதான் வேறொன்று புரிந்தது. நூல் மில்லில் இருந்து வருகிறது, நாம் என்னதான் கையால் நெய்தாலும் மில்லுக்குச் சம்பளம் இல்லாத ஏஜென்ட்டுகள்தான் என்று. அங்கிருந்துதான் ராட்டையைத் தேடிப் போனார்கள். பிறகு 1924 பெல்காம் காங்கிரஸில், கட்சி உறுப்பினராக இருக்கணும் என்றால் மாதம் 2,000 கஜம் நூல் தரணும் என்றுகூட விதி கொண்டுவந்தார்கள். தலைவர்கள் பலர் திண்டாடிப் போனார்கள், அடுத்த வருஷமே விதி தளர்ந்தது. படித்தவர்களின் உற்சாகத்துக்கு எப்போதுமே ஆயுள் கொஞ்சம் குறைவுதான் போல!

நமக்கும் அந்த நூல் கேள்வி உண்டு. நாம் நெய்கிற நூல் எங்கிருந்து வருகிறது? பஞ்சு விலை ஏறினால் நூல் விலை ஏறும். நூல் ஏறினால் விசைத்தறி முதலாளி சமாளித்துவிடுவார், இரண்டு தறி வைத்திருப்பவரால் முடியாது. ஒரு கிலோ நூல் வாங்கி வீட்டில் வைத்திருந்தால், செய்தியில் நூல் விலை உயர்வு என்று வரும்போது சேனலை மாற்றத் தோன்றாது. எனக்கு அப்படித்தான் ஆனது.

பொழுதுபோக்கு நெசவு வேண்டாம் என்கிறேனா?

இல்லவே இல்லை. அஸ்ஸாமைப் பாருங்கள். இந்தியாவிலேயே அதிக நெசவாளர்கள் இருக்கிற மாநிலம் அதுதான். அங்கே பெரும்பாலான வீடுகளில் தறி என்பது நம் வீட்டு கிரைண்டர் மாதிரி வீட்டோடு இருக்கிற பொருள். பெண்கள் வீட்டு வேலைக்கு நடுவில் நெய்கிறார்கள். பிஹு பண்டிகைக்கு வீட்டுப் பெரியவர்களுக்கும் வேண்டியவர்களுக்கும் தாங்களே நெய்த கமோசா துண்டைக் கொடுப்பது வழக்கம். அதை யாரும் தொழில் என்றும் சொல்வதில்லை, ஹாபி என்றும் சொல்வதில்லை. எல்லா சமூகத்துப் பெண்களும் நெய்கிறார்கள் என்பது இதில் முக்கியம்.

நம் ஊரில் அப்படி இல்லை. தேவாங்கர், செங்குந்தர், சாலியர், சௌராஷ்டிரர் என்று சில சமூகங்களுக்குள்ளேயே நெசவு பெரும்பாலும் நின்றுவிட்டது. அந்த வீட்டில் பிறந்தால் தறி, இல்லாவிட்டால் தறியைப் பக்கத்தில்கூடப் பார்த்திருக்க மாட்டோம். நான் முப்பத்தெட்டு வயது வரை துணி கட்டியிருக்கிறேனே தவிர, அது எப்படி உண்டாகிறது என்று பார்த்ததே இல்லை. அந்த வகையில் பல் டாக்டரும் பேங்க் சாரும் தறிக்கு முன்னால் உட்கார்வது நல்ல விஷயம்தான். பிறப்பால் வந்த வேலையை ஒருவர் விருப்பத்தால் செய்யும்போது, அதன் மேல் ஒட்டியிருக்கிற தாழ்வான பார்வை கொஞ்சம் உதிரும். ஆனால், அதைச் செய்தே ஆகணும் என்கிற கட்டாயத்தில் இருப்பவருக்கு நம் விருப்பம் சோறு போடாது. இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு, 'நான் பாரம்பரியத்தைக் காப்பாத்துறேன்' என்று போஸ்ட் போடுவதுதான் எனக்கு ஒத்துவரவில்லை.

ஜப்பானில் மிசாவோ ஜோ என்று ஒரு அம்மா. 57 வயதில் தறியில் உட்கார ஆரம்பித்தார். ஒரு தடவை நெய்ததில் ஒரு பாவு நூல் விட்டுப்போய்விட்டது. பிழை என்றார்கள். அவருக்கோ அது அழகாகத் தெரிந்தது. அங்கிருந்து 'சாவோரி' என்று ஒரு நெசவு முறையே பிறந்தது. அதில் தப்பு என்று ஒன்று கிடையாது. நூல் விட்டுப்போகலாம், ஓரம் கோணலாகலாம். மாற்றுத்திறனாளிகள், முதியவர்கள் என்று பலரும் உலகம் முழுக்க இதை நெய்கிறார்கள். 104 வயதைத் தாண்டி வாழ்ந்துவிட்டு 2018-ல் மறைந்தார். பொழுதுபோக்காக நெய்ய நினைப்பவர்களுக்கு இது ரொம்பவே பொருத்தம். எங்கள் ஆசிரியரிடம் இதைச் சொன்னேன். "நல்லாத்தான் இருக்கு. எங்க முதலாளிகிட்ட ஓரம் கோணலா கொண்டுபோனா கூலியில புடிச்சுப்பாங்களே" என்றார். தப்பு செய்கிற சுதந்திரம் நமக்கு இருக்கிறது, அவருக்கு இருந்ததில்லை.

ஆரம்பிக்கணும்னா இப்படி ஆரம்பிங்க

எடுத்ததுமே பெரிய தறி வாங்காதீங்க. பழைய போட்டோ ஃப்ரேம் ஒன்றை எடுத்து, மேலேயும் கீழேயும் அரை அங்குலத்துக்கு ஒரு சின்ன ஆணி அடித்தால் அதுவே தறி. அதில் கெட்டியான பருத்தி நூலைப் பாவாகக் கட்டி, பெரிய ஊசியில் ஊடையை ஒன்று மேலே ஒன்று கீழே என்று விட்டு, சீப்பால் தட்டுங்க. ஒரு டேபிள் மேட் அளவுக்கு நெய்து பாருங்க. அது பிடித்தால் மட்டும் மேசைத்தறி. அதிலும் விழுதும் அச்சும் ஒரே சட்டத்தில் இருக்கிற சின்னத் தறி ஆரம்பத்துக்குப் போதும். மிதி வைத்த தறி அப்பார்ட்மென்ட்டுக்குச் சரிப்படாது. இடம் வேணும், சத்தமும் வரும், கீழ் வீட்டுக்காரர் கதவைத் தட்டுவார்.

நூல் விஷயத்தில்தான் நிறைய பேர் ஏமாறுகிறார்கள். ஒற்றை நூல் வாங்கினால் கஞ்சி போடாமல் பாவாக நிற்காது, அறுந்துகொண்டே இருக்கும். நெசவாளர் தெருக்களில் விடியற்காலையில் பாவை நீளமாக நீட்டிக் கஞ்சி தடவுவதைப் பார்த்திருப்பீர்கள், அதற்குத்தான். வெயில் ஏறுவதற்குள் முடிக்கணும், இல்லாவிட்டால் நூல் முறுகிவிடும். வீட்டில் அதெல்லாம் முடியாது. அதனால் இரண்டு இழை சேர்த்து முறுக்கிய நூலாக, 2/20 அல்லது 2/40 என்று கேட்டு வாங்குங்க. பின்னால் இருக்கிற எண் கவுன்ட். எண் கூடக் கூட நூல் மெலிசு. ஈரோடு, கரூர், சேலம் மாதிரி ஊர்களில் நூல் கடைகளில் கிலோ கணக்கில் கிடைக்கும். ஆன்லைனில் குட்டிக் குட்டிக் கட்டாக வாங்குவதைவிட விலையும் குறைவு. சாயம் நிற்குமா என்று ஈரமான வெள்ளைத் துணியால் தேய்த்துப் பாருங்க.

புதிதாக நெய்கிற எல்லோருக்கும் வருகிற ஒரே வியாதி, துணி போகப் போகக் குறுகிக்கொண்டே வருவது. எட்டு அங்குலத்தில் ஆரம்பித்த என் மஃப்ளர் முடியும்போது ஆறே காலில் வந்து நின்றது. காரணம், ஊடையைச் சுண்டி இழுத்துவிடுகிறோம். நேராக இழுக்காமல், கொஞ்சம் சாய்வாகவோ வில் மாதிரி வளைத்தோ நூலை விட்டு, அப்புறம் அச்சால் அடித்தால் இது குறையும். இன்னொன்று, முக்கால் மணி நேரத்துக்கு ஒரு தடவை எழுந்து நடங்க. முதுகும் முழங்காலும் கண்ணும் போவதுதான் நெசவாளர்களின் தொழில் நோய். நமக்கு எழுந்து போகிற வசதி இருக்கிறது.

கற்றுக்கொள்கிற இடத்தைப் பொறுத்தவரை, பார்த்துவிட்டு ஆரம்பிப்பது நல்லது. முட்டுக்காடு தட்சிணசித்ராவில் காஞ்சிபுரம் நெசவாளர் வீடு ஒன்று அப்படியே இருக்கிறது. கலாக்ஷேத்ராவில் ருக்மிணி தேவி காலத்திலேயே, 1937-ல், தறிகள் வைத்து இன்றுவரை நெய்கிறார்கள். சேலத்தில் இருக்கிற கைத்தறித் தொழில்நுட்ப நிறுவனம் முழுநேரப் படிப்புக்கானது. பிள்ளைகளுக்கு இதில் ஆர்வம் இருந்தால் பொழுதுபோக்கைத் தாண்டி அந்தப் பக்கமும் யோசிக்கலாம். முடிந்தால் சென்னிமலை, பவானி, ஆரணி, திருபுவனம், பரமக்குடி என்று உங்களுக்குப் பக்கத்தில் இருக்கிற நெசவு ஊருக்கு ஒரு நாள் போய் வாங்க. குழித்தறி இருந்தால் காலை இறக்கி உட்கார்ந்து பாருங்க. தரைக்குள் இருக்கிற ஈரப்பதம் பருத்தி நூல் அறுந்துபோகாமல் காக்கிறது என்று புத்தகத்தில் படித்திருந்தேன், உள்ளே காலை வைத்தபோது அந்தக் குளிர்ச்சி தெரிந்தது.

வகுப்புக்குப் பணம் கட்டும் முன் ஒரு கேள்வி

சொல்லிக்கொடுப்பவருக்கு எவ்வளவு போகிறது? இதை நான் கடைசியில்தான் கேட்டேன், முதலிலேயே கேட்டிருக்கணும். எங்கள் வகுப்பில் ஏழு பேர், ஆளுக்கு 3,500. மொத்தம் 24,500 ரூபாய். ஆசிரியருக்கு நாளைக்கு 800, பஸ் செலவு தனி. ஏற்பாட்டாளரைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. ஹால் வாடகை, தறி, நூல், மத்தியானச் சாப்பாடு எல்லாம் அவர் செலவு. ஆனாலும், அந்த ஹாலில் இருந்த எல்லாவற்றுக்கும் வெளியே விலை உண்டு, அவர் கைக்குள் இருந்ததுதான் எங்கேயும் கிடைக்காதது. அதற்கு 1,600 ரூபாய். பேங்க் சார்தான் கணக்குப் போட்டுச் சொன்னார். ஏற்பாட்டாளரிடம் எல்லோரும் சேர்ந்தே பேசினோம். அவர் கோபப்படவில்லை, அடுத்த வகுப்பில் இருந்து கட்டணத்தில் பங்காகக் கொடுக்கிறேன் என்றார். கொடுக்கிறாரா என்று ஆசிரியருக்கே போன் செய்து கேட்டேன், போன மாதம் வந்த பணம் இரண்டு மடங்குக்கு மேல் இருந்ததாம். ஒரு வகுப்பின் கதை இது. மற்ற இடங்களில் நீங்கள் கேட்டால்தான் தெரியும்.

இன்னொன்று, விற்பனை. நாலு மஃப்ளர் நெய்ததும் இன்ஸ்டாவில் பக்கம் திறந்து 'ஹேண்ட்லூம்' என்று விற்கத் தோன்றும். தாராளமாக விற்கலாம். ஆனால் விலையை யோசித்துப் போடுங்க. நமக்குச் சம்பளம் வேறு இடத்தில் வருவதால், 'சும்மா நூல் காசு வந்தா போதும்' என்று 300 ரூபாய்க்குக் கொடுப்போம். அதைப் பார்த்த ஒருவர் நாளைக்கு நெசவாளரிடம் போய், 'அங்கே 300-க்குக் கிடைக்குதே' என்பார். நம் இலவச உழைப்பு அவர் கூலியைத் தின்றுவிடும்.

துணி வாங்குவதிலும் கண் மாறும். 1985-ல் வந்த சட்டப்படி, சேலை, வேட்டி, துண்டு, லுங்கி உள்ளிட்ட 11 வகைகளைக் குறிப்பிட்ட முறைகளில் கைத்தறியில் மட்டும்தான் நெய்யணும். நடைமுறையில் விசைத்தறித் துணியைக் கைத்தறி என்று சொல்லி விற்பது கடைக்குக் கடை நடக்கிறது. ஓரத்தில் சின்னத் துளைகள் இருந்தால் கைத்தறி என்று ஒரு நம்பிக்கை உண்டு. துணி சுருங்காமல் இருக்க இரண்டு பக்கமும் ஊசி வைத்த குச்சியால் இழுத்துப் பிடிப்பதால் வருகிற துளை அது. ஆனால் விசைத்தறியிலும் அப்படித் துளை வரலாம், அதை மட்டும் நம்ப வேண்டாம். கைத்தறி முத்திரை இருக்கிறதா என்று பாருங்க. 2006-ல் இருந்து அது இருக்கிறது. அதோடு விரலால் ஓரத்தை நீவிப் பாருங்க. 600 தடவை நாடா விட்ட விரல் என்றால், ஒரே சீராக அடித்துத் தள்ளிய துணிக்கும், டீ குடிக்கப் போய் வந்து மறுபடி உட்கார்ந்த இடம் தெரிகிற துணிக்கும் உள்ள வித்தியாசம் கொஞ்சம் கொஞ்சமாகப் பிடிபடும். எனக்கு இப்போது பத்துக்கு ஆறு தடவை சரியாக வருகிறது.

ஞாயிறு சாயங்காலம் மஃப்ளரை முடித்ததும் கத்திரிக்கோலை எடுத்து மொத்தமாக வெட்டப் போனேன். ஆசிரியர் கையைப் பிடித்து நிறுத்தினார். துணியை மட்டும் வெட்டி எடுத்துக்கொண்டு, விழுதிலும் அச்சிலும் கோத்திருக்கிற பழைய நூல் முனையை அப்படியே விட்டுவிடணுமாம். அடுத்த பாவு வரும்போது அதோடு ஒவ்வொரு இழையாக முடிந்து இழுத்தால் மறுபடி கோக்க வேண்டியதில்லை. நம்ம மஃப்ளருக்கு 80 முடிச்சு. சேலைத் தறிக்கு 2,880. அதை முடிந்து கொடுப்பதற்கென்றே ஊருக்கு ஊர் ஆட்கள் இருந்தார்களாம். அவர் தெருவில் அந்த வேலை தெரிந்தவர் இப்போது ஒரே ஒரு அம்மாதான், எழுபது வயதுக்கு மேல். அடுத்த மாதம் அவரை வகுப்புக்குக் கூட்டி வருவதாகச் சொல்லியிருக்கிறார். நானும் பல் டாக்டரும் பெயர் கொடுத்துவிட்டோம்.